கனி பக்கத்துக்குக் கறுப்பு பார்டர்

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க தம்பி. அந்த சீட்டுல உக்காந்தா கள்ளிக்குடி வரைக்கும் வெயில் மூஞ்சிலயே அடிக்கும். உங்க பையை மேல வைங்க. என் பை வேண்டாம், அது மடியிலயே இருக்கட்டும். பட்டுப்புடவை. மேல வச்சா எவனாவது அதும்மேல வெங்காய மூட்டையைத் தூக்கி வச்சிருவான்.

சிவகாசியா? நானும் சிவகாசிதான். வெயிலுமுத்து. பிரஸ்ஸுல இருக்கேன். மெஷின்ல இல்ல, டிசைன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நம்ம கையிலதான். இருபத்தேழு வருஷமாச்சு. நீங்க? கம்ப்யூட்டர் கம்பெனியா. அப்ப ரொம்ப நல்லது. நான் சொல்றது உங்களுக்குச் சட்டுன்னு புரியும். மத்தவங்களுக்குச் சொல்லிப் புரியவைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை வத்திப் போகுது.

நடுவுல விருதுநகர் வரும்ல. அங்கதான் என் தங்கச்சி இருக்கா. சண்முகக்கனி. ஒரே தங்கச்சி. வர்ற வியாழக்கிழமை அவ மக அபிதாவுக்குக் கல்யாணம். நான்தான் தாய்மாமன். இந்தப் புடவை அந்தப் பிள்ளைக்குத்தான் எடுத்தது. நியாயமா நான் விருதுநகர்ல இறங்கணும். இறங்க மாட்டேன். டிக்கெட்டே சிவகாசிக்குத்தான் எடுத்திருக்கேன். புடவையை கூரியர்ல போட்டுக்கலாம்.

ஏன்னு கேளுங்க. நீங்க கேக்கலைன்னாலும் சொல்லுவேன், கேட்டா கொஞ்சம் நல்லாச் சொல்லுவேன்.

போன்ல மெசேஜ் போடுறோம்ல, ஆளுக்கு ஒரு பக்கம் இருக்குல்ல. அந்தப் பக்கத்துக்குப் பின்னாடி நம்ம இஷ்டத்துக்குக் கலர் வைக்கலாம், படம் வைக்கலாம். எழுத்து உக்காந்திருக்கிற கட்டத்துக்குக்கூடத் தனியாக் கலர் குடுக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க பிரஸ்ல ஒருத்தனுக்கும் தெரியாது. நானாக் கண்டுபிடிச்சேன். மேல மூணு புள்ளி இருக்கும் பாருங்க, ஒரு நாள் கை தவறி அதுல பட்டுருச்சு. உள்ளே போனா ஒரு பிரஸ்ஸே இருக்கு.

எனக்கு ரொம்ப நாளாவே ஒரு வருத்தம் தம்பி. எல்லாரும் மொட்டையா மெசேஜ் போடுறாங்க. நல்ல சேதியும் அதே பக்கம்தான், கெட்ட சேதியும் அதே பக்கம்தான். நம்ம ஊர்ல அப்படியா? நல்ல காரியம்னா பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுறோம். சாவுச் சேதின்னா ஓரத்துல கறுப்பு. தபால்காரர் கையில இருக்கும்போதே ஓரத்தைப் பாத்துட்டு வீட்டுல அழ ஆரம்பிச்சிருவாங்க. படிக்கவே வேண்டாம். அதுதான் டிசைன். எழுத்தெல்லாம் அதுக்கப்புறம்.

சரின்னு நான் ஆளுக்கு ஒரு பக்கம் பண்ண ஆரம்பிச்சேன். எங்க முதலாளி பக்கத்துக்குச் சந்தனக் கலர், கீழ் ஓரத்துல சின்னதா ஒரு குத்துவிளக்கு. மறுநாள் காலையில என்னைப் பாத்து, "என்ன வெயிலு, நல்லாருக்கியா"ன்னாரு. அவர்கிட்டச் சேந்த பதினாலு வருஷத்துல அந்த மனுஷன் அப்படிக் கேட்டதே இல்ல. பேப்பர் ஸ்டோர்காரர் ஒருத்தர், மூணு வாரமா ஆர்ட் பேப்பர் வருது வருதுங்கிறாரு. கொட்டாவி விட்டுக்கிட்டே பேசுவாரு. "வ்வ்வர்ருது வெயிலு... திருச்சி தாண்டிருச்ச்ச்சு." மூணு வாரமாத் திருச்சி தாண்டிக்கிட்டே இருந்துச்சு. அவர் பக்கத்துல வெடிச்சுக் காஞ்சு கெடக்குற கண்மாய்ப் படத்தை வச்சேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பாத்தாலே நாக்கு ஒட்டும். ரெண்டாம் நாள் லோடு வந்து இறங்குச்சு. என் வீட்டுக்காரி பாக்கியம் பக்கத்துக்கு மல்லிகைப்பூ. அன்னிக்குச் சாயங்காலம் கேக்காமலே பருத்திப்பால் போட்டுக் குடுத்தா.

இருங்க, இருங்க. நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. நான் முடிச்சுக்கிறேன்.

அவ போன்ல அந்தப் பூ எப்படித் தெரியுதுன்னு போய்ப் பாத்தீங்களான்னுதானே கேக்கப்போறீங்க? நான் பொண்டாட்டி போனை எடுத்து நோண்டுற ஆள் இல்ல. எங்க வீட்டுல அந்த வழக்கமே கிடையாது. அதுவும் போக, பாக்குறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு வீட்டுக்குப் பொதுச்சுவர் மாதிரிதானே அது. எவன் வெள்ளையடிச்சாலும் ரெண்டு பேருக்கும்தான். என்ன, இதுவரைக்கும் என் பக்கத்துல யாரும் எனக்காக ஒரு கலர் மாத்தினதில்ல. மக்களுக்கு ரசனை பத்தாது.

சரி, கனி கதைக்கு வாரேன்.

வைகாசி மாசம். நிச்சயம் முடிஞ்சு மூணாம் நாள் மெசேஜ் போடுறா. "அண்ணே, பத்திரிகை நீதான் அடிக்கணும். மேட்டர் அனுப்பிருக்கேன்." நோட்டுல எழுதி அதைப் படம் புடிச்சு அனுப்பிருக்கா. அவ கையெழுத்தைப் படிக்கிறதுக்கு ஊர்ல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான், இன்னொண்ணு அவ, அவளுக்கும் பாதிதான். நான் பதில் போடலை. எதுக்குப் போடணும்? வேலை தெரிஞ்சவன் வேலையாலதான் பதில் சொல்லணும். மூணு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை விட்டுட்டு உக்காந்தேன். பின்னாடி காலண்டர் வேலை மலை மாதிரி கெடக்கு, ஆடிப்பெருக்குக்குள்ள அடுத்த வருஷக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் போட்டாகணும், முதலாளி கண்ணாடி ரூமுல இருந்து மொறைக்கிறாரு. நான் அசையலை.

எல்லாரும் போடுற வாழைமரம், நாதஸ்வரம் எதுவும் போடலை. அபிதா மூணு வயசுல எங்க வீட்டுச் சுவர்ல கரித்துண்டால ஒரு கோழிக்குஞ்சு போட்டா. குஞ்சுக்கு மூணு காலு. ஏம்மான்னு கேட்டா, "ஒண்ணு வலிச்சா இன்னொண்ணு"ன்னா. நான் அந்தச் சுவருக்கு இன்னிக்கு வரைக்கும் பெயிண்ட் அடிக்க விட்டதில்ல. அதைப் படம் புடிச்சு, தங்கக் கலர்ல, பத்திரிகை ஓரம் பூராம் வரிசையா ஓட விட்டேன். குட்டிக் குட்டியா. சட்டுன்னு பாத்தா பூவேலை மாதிரி இருக்கும், உத்துப் பாத்தாத்தான் கோழிக்குஞ்சு. நாலு மூலைக்கும் மஞ்சள். என் ஆயுசுல நான் பண்ணின பத்திரிகையிலயே அதுதான் பத்திரிகை.

அதை அப்படியே கனி பக்கத்துல வச்சேன். முழுப் பக்கத்துக்கும். ஏன்னா பார்ட்டிக்கு ப்ரூஃப் காட்டாம நாங்க மெஷின்ல ஏத்த மாட்டோம். பார்ட்டி பாக்கணும், பாத்துட்டு "சரி"ன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கணும். அதுக்கப்புறம்தான் அச்சு. தங்கச்சின்னாலும் பார்ட்டி பார்ட்டிதான்.

மறுநாள் மெசேஜ் வருது. அவ குரல்லயே சொல்றேன், கேளுங்க. கொஞ்சம் மூக்கால, புதுப் பட்டு கட்டிக்கிட்டு வந்து முன் வரிசையில உக்காந்திருக்கிற ஆபீசர் பொண்டாட்டி மாதிரி வச்சுக்கங்க. "அண்ண்ணே, மேட்டர் கெடைச்ச்சுதா?"

ப்ரூஃபே கண்ணு முன்னாடி நிக்குது, மேட்டர் கெடைச்சுதாம்.

அதுக்கடுத்து, "அண்ண்ணே, எப்ப காட்டுவே?"

காட்டிக்கிட்டேதானம்மா இருக்கேன். இதுக்கு மேல எப்படிக் காட்ட, கையில புடிச்சுக்கிட்டு உன் வாசல்ல நிக்கவா?

அடுத்தது, "அண்ண்ணே, மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க." அதுக்கடுத்து வந்துச்சு பாருங்க ஒண்ணு. "அண்ண்ணே, வேலை அதிகமா? முடியலைன்னா சொல்லு, பரவாயில்ல." என்னைப் பாத்து. இருபத்தேழு வருஷம். முடியலைன்னா சொல்லு.

ப்ரூஃப் புடிக்கலை, அதுதான் விஷயம். புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிட்டுப் போறது. மூணு காலை ரெண்டு காலாக்குன்னு சொல்லு, மாட்டேன், ஆனா சொல்லு. ஒரு வார்த்தை கிடையாது. போன் பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணினா. முதல்ல மெஷின் சத்தத்துல எடுக்கலை. அப்புறம் எடுக்கக்கூடாதுன்னு எடுக்கலை. ப்ரூஃபுக்கு எழுத்துலதான் பதில் வாங்கணும். வாயால சரின்னுட்டு நாளைக்கு ஒரு தப்பு வந்தா எல்லாரும் பிரஸ்ஸுக்காரன் தலையிலதான் போடுவாங்க.

பத்து நாள் பாத்தேன்.

ஆனி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை புருஷனும் பொண்டாட்டியும் வந்து நிக்கிறாங்க. கையில தட்டு. தட்டுல வெத்தலை, பாக்கு, பழம், பூ, நடுவுல பத்திரிகை. வேற எங்கயோ அடிச்சுட்டு வந்துட்டாங்க தம்பி. சிவகாசியில இருக்கிற எனக்கு, வேற ஊர்ல அடிச்ச பத்திரிகை.

என் மாப்பிள்ளை தவசிலிங்கத்தைப் பத்திச் சொல்லணும். கனி புருஷன். ஸ்கூல்ல டிரில் மாஸ்டர். எதையும் ரெண்டு தடவை சொல்லுவாரு. கடைசி வரிசையில நிக்கிற பையனுக்குக் கேக்கணும்ல. எங்க வீட்டு ஹால் பத்துக்குப் பத்து. அதுக்குள்ள நின்னுக்கிட்டு, "மச்சான் நல்லாருக்கீங்களா, நல்லாருக்கீங்களா. தட்டை வாங்குங்க, தட்டை வாங்குங்க. அக்கா காப்பி வேணாம், காப்பி வேணாம்." காப்பியையும் ரெண்டு டம்ளர் குடிச்சாரு.

நான் பத்திரிகையைப் பிரிச்சேன். பிரிச்சதும் என் கண்ணு எதைத் தேடும்? உங்க கண்ணும் அதைத்தான் தேடும். உள்பக்கம், இடது ஓரம், அடியில. தாய்மாமன் வெ. வெயிலுமுத்து. எட்டு பாயிண்ட்.

எட்டு பாயிண்டுன்னா எவ்வளவுன்னு தெரியுமா? மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு ஒரு சீட்டு வச்சிருப்பாங்கல்ல, யாரும் படிக்காத சீட்டு, அதுக்குப் போடுறது. அதே பத்திரிகையில, மண்டபத்துக்கு வழி, "பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே, பெட்ரோல் பங்க் எதிரில்", அது பத்து பாயிண்ட். ஸ்கேல் வச்சுப் பாத்தேன், அவங்க போனப்புறம். பெட்ரோல் பங்க் பத்து. தாய்மாமன் எட்டு.

தட்டை வாங்கினேன், சிரிச்சேன், பழம் குடுத்தேன். வாசல்ல செருப்பு மாட்டும்போது கனி மட்டும் நின்னா. "அண்ணே, கோவமா?"

"எனக்கு என்ன கோவம்?"

"மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு."

"வேலை."

"இல்லண்ணே, பத்திரிகை நான் எவ்வளவு நாள்..."

அதுக்குள்ள தெருவுல இருந்து டிரில் மாஸ்டர், "பஸ் போயிரும் கனி, பஸ் போயிரும்."

போயிட்டாங்க. அன்னிக்குத்தான் அவ பக்கத்துக்குக் கறுப்பு பார்டர் வச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க. முழுக் கறுப்பு வைக்கலை. கல்யாண வீடு, எனக்கும் மனசு இருக்குல்ல. ஓரத்துல மட்டும், சுத்தி ரெண்டு மில்லிமீட்டர். அதை வைக்கிறதுக்குள்ள மூணு தடவை போனைக் கீழ வச்சு எடுத்தேன், பொய் சொல்லக்கூடாது. கூடப் பொறந்தவ. ஆனா தெரியட்டும்னு வச்சேன். தெறந்ததும் நெஞ்சுல கல்லு விழுந்த மாதிரி இருக்கணும். அழுதுக்கிட்டே போன் பண்ணுவா, அண்ணே தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லுவா, நானும் ரெண்டு நிமிஷம் பேசாம இருந்துட்டு அப்புறம் விட்டுருவேன்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன்.

மறுநாள் மெசேஜ். "அண்ண்ணே, சாப்ட்டியா?"

கறுப்பு பார்டர் சுத்தி நிக்குது. நடுவுல, சாப்ட்டியா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க.

நாலு மில்லி ஆக்கினேன். ஒரு ரோஜாப்பூ அனுப்புறா, மேல பனித்துளி, இனிய காலை வணக்கம். எட்டு மில்லி ஆக்கினேன். இன்னொரு ரோஜாப்பூ. சரின்னு, அவங்க அடிச்ச பத்திரிகையைப் படம் புடிச்சு, என் பேரைச் சுத்திச் சிவப்புல வட்டம் போட்டு, ஓரத்துல ப்ரூஃப் திருத்துற குறியும் போட்டு, அதையே பக்கமா வச்சேன். அதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?

"அண்ண்ணே, அபிதாவுக்குப் புடவை என்ன கலர் எடுக்கப்போற? ப்ளவுஸ் தைக்கக் குடுக்கணும்."

கோவம் இருந்தாலும் செய்யவேண்டியதைச் செய்யணும்ல. அரக்குன்னு முடிவு பண்ணியிருந்தேன். எழுத்துக் கட்டத்தையெல்லாம் அரக்குக் கலராக்கினேன். அவ்வளவுதான், பதில் போயாச்சு. ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பக் கேக்குறா, "அண்ண்ணே, புடவை என்ன கலர்?" கண்ணு தெரியாதவளா இவ?

பாக்கியம் ஒரு நாள் தோசை ஊத்திக்கிட்டே கேட்டா. "ஏங்க, கனிகிட்டப் பேசுனீங்களா?"

"பேசிக்கிட்டுத்தானே இருக்கேன். தினமும்."

"என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா."

"எங்கிட்ட போன்ல அழுறா, எங்க அண்ணன் என்னை அடியோட வெட்டி விட்டுட்டாருன்னு."

அழுறான்னதும் எனக்கு, உண்மையைச் சொல்றேன், ஒரு நிம்மதி. அப்ப கறுப்பு வேலை செய்யுது. கல்லு விழுந்திருக்கு. அடுத்த தோசையைப் புட்டவன் அப்படியே தட்டுல வச்சுட்டேன். அவளை அழவச்சுட்டு உக்காந்து தோசை தின்னுக்கிட்டிருக்கேனேன்னு. அன்னிக்கே பார்டரை எட்டுல இருந்து நாலாக்கினேன். மறுநாள் ரெண்டு. ஒரேயடியா எடுத்தா எளக்காரமாப் போயிரும் பாருங்க.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மெசேஜ். "அண்ணே, நீ வரலைன்னா சொல்லிரு. மேடையில யாரையாவது நிக்க வைக்கணும்ல." இதுக்கு நான் குரல் போடலை. போட வரலை.

உடனே மஞ்சளாக்கிட்டேன். பக்கம் பூராம் மஞ்சள், நடுவுல குங்குமம். இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படித் தம்பி எறங்கி வருவான்? எட்டு பாயிண்டையும் மறந்துட்டேன், ப்ரூஃபையும் மறந்துட்டேன், வாரேம்மான்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். "வா அண்ணே"ன்னு ஒரு வார்த்தைக்காக மூணு நாள் போனை மடியிலயே வச்சிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. "சரிண்ணே."

அவ்வளவுதான். ப்ரூஃபுக்கு எழுபது நாளா ஒரு சரி கேட்டேன், குடுக்கலை. இதுக்குச் சரிண்ணேயாம். அன்னிக்குச் சாயங்காலமே பாக்கியம் சொல்றா, எங்க சித்தப்பா மகன் ரத்தினபாண்டியைத் தாய்மாமனா நிக்கச் சொல்லியாச்சாம். அவனுக்கு அபிதா பேரே ஒழுங்காத் தெரியாது, அனிதாம்பான். மஞ்சளைக் காட்டினப்புறம் என்னை எடுத்துட்டு அவனை வைக்கிறா. அதான் இறங்க மாட்டேன். புடவை மட்டும் எடுத்தேன். எடுக்காம இருக்க முடியலை. அரக்கு, மாம்பழ பார்டர். பிரிச்சுக் காட்டுவேன், பஸ்ஸுல வேணாம்.

என்ன தம்பி, கள்ளிக்குடியில இருந்து வாயைத் திறந்து திறந்து மூடுறீங்க. தண்ணி வேணுமா? சொல்லுங்க. சும்மா சொல்லுங்க, நான் குறுக்க பேசலை.

என்னது?

திரும்பச் சொல்லுங்க. மெதுவா.

எனக்கு மட்டும்தான்னா? என் போன்ல மட்டும்னா என்ன அர்த்தம்? அவங்களுக்கு என்ன தெரியும்? அதெப்படி, நான் வச்சிருக்கேன்ல. வச்சது போகாம எங்க போகும்? நான் அச்சுக் கோத்தா படிக்கிறவனுக்குத்தானே தெரியும், எனக்கு மட்டும் தெரியுற மாதிரி எவனாவது பத்திரிகை அடிப்பானா?

உங்க நம்பரைச் சொல்லுங்க. சொல்லுங்க, பாத்துருவோம். போட்டாச்சு. வணக்கம்னு அனுப்பிருக்கேன், வந்துருச்சா? இப்ப பாருங்க, உங்க பக்கத்துல கண்மாயை வைக்கிறேன். வச்சாச்சு. என் போனைப் பாருங்க, வெடிப்புத் தெரியுதா? இப்ப உங்க போனைக் காட்டுங்க.

இதென்ன பச்சையாக் கோடு கோடா இருக்கு. இது நீங்க வச்சதா. கண்மாய் எங்க? கொஞ்ச நேரம் ஆகுமோ, டவர் இல்லாத எடம் இது. இல்ல, வணக்கம் வந்துருக்கே.

கொஞ்சம் பேசாம இருங்க தம்பி.

அப்ப அந்த லோடு, தானா திருச்சியைத் தாண்டி வந்துச்சா. முதலாளி அன்னிக்கு எதுக்கு நல்லாருக்கியான்னாரு, எனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருந்துச்சோ என்னமோ. பாக்கியம் பூவைப் பாக்கவே இல்ல. சும்மாவே பருத்திப்பால் போட்டுக் குடுத்திருக்கா. எதுக்குன்னு நான் கேக்கக்கூட இல்ல.

தம்பி. அப்ப அந்தக் கறுப்பு?

பாக்கலையா. ரெண்டு மில்லிகூட? எட்டு மில்லி வச்சேனே, அது? நல்லாத் தெரியுமா உங்களுக்கு? சத்தியமா? அய்யா, நல்லாருப்பீங்க. கல்யாண வீட்டுக்குக் கறுப்பு வச்சவன்னு ஒரு பேர் வராமப் போச்சு. எத்தனை ராத்திரி எந்திரிச்சு உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா, யார்கிட்டச் சொல்ல. பாக்கலை. நல்லவேளை, பாக்கலை.

பாக்கலைன்னா அவ எதுக்கு அழுதா?

இருங்க.

மஞ்சளையும் பாக்கலை. அரக்கையும் பாக்கலை. ப்ரூஃபு... ப்ரூஃபையே பாக்கலை. கோழிக்குஞ்சு என் போன்ல மட்டுமே ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அவ பக்கத்துல என்னதான் இருந்துச்சு அப்ப? ஒண்ணுமே இல்ல. அவ கேக்குறா, கேக்குறா, கேக்குறா, இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. எழுபது நாள்.

இங்க பாருங்க, எல்லாம் இருக்கு. "அண்ணே, மேட்டர் கெடைச்சுதா?" இதை நான் உங்களுக்கு எப்படிச் சொல்லிக் காட்டினேன்? மூக்கால. இவ மூக்கால பேசுறவளே இல்ல தம்பி. இவ குரல் எனக்குத் தெரியாதா? ஊர்ல இருக்கிறவன் குரலெல்லாம் போடுறேன். "அண்ணே, எப்ப காட்டுவ?" ஆசையாக் கேட்டிருக்கா. "வேலை அதிகமா? முடியலைன்னா சொல்லு, பரவாயில்ல." எனக்குக் கஷ்டமாயிரக்கூடாதுன்னு கேட்டிருக்கா. "அண்ணே, சாப்ட்டியா?" சாப்ட்டியான்னுதான் கேட்டிருக்கா. வேற ஒண்ணுமே இல்ல அதுல.

"சரிண்ணே." இதை என்னால படிக்க முடியலை. இது வேண்டாம்.

எங்க வந்திருக்கோம்? விருதுநகர் இன்னும் எவ்வளவு தூரம்? அந்த ப்ரூஃப் படம் போன்ல இருக்கா பாக்குறேன். இருக்கு. இதைப் பின்னாடி வைக்காம முன்னாடி எப்படி அனுப்புறது, மெசேஜாவே? இந்தக் குறியைத் தொடணுமா. நீங்களே தொட்டு விடுங்க. போயிருச்சா? இப்ப அவ போன்ல தெரியுமா? கோழிக்குஞ்சு தெரியுமா? அடியில எழுதுறேன். புடவை அரக்கு. அனுப்பியாச்சு.

ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு. பாத்துட்டா. என்னமோ எழுதுறா. எழுதுறா. நிறுத்திட்டா. திரும்ப எழுதுறா.

"அண்ணே, இது அபிதா நம்ம வீட்டுச் சுவர்ல போட்டதுல்ல?"

மூணு காலை எண்ணிருக்கா பாருங்க. அடுத்தது வருது. "எங்கண்ணே இருக்க?"

எழுதிட்டேன். பஸ்ஸுல இருக்கேன், வாரேன்னு.

கண்டக்டர் சார், விருதுநகர்ல ஒரு ஆள் இறங்கணும். சிவகாசி டிக்கெட்டுதான் சார், பரவாயில்ல, இறங்கணும். தம்பி, கொஞ்சம் காலை எடுத்துக்கங்க. பையைப் பாத்து. உங்க பக்கத்துல கண்மாய் கெடக்கு, வீட்டுக்குப் போனதும் எடுத்துர்றேன். ஆமா, உங்களுக்குத்தான் தெரியாதுல்ல. இருந்தாலும் எடுத்துர்றேன், நல்ல மனுஷனுக்கு வறட்சியை வச்சிருக்கக்கூடாது.

ஆனா ஒண்ணு சொல்றேன். கறுப்பு அவ பாக்கலை, ப்ரூஃபு பாக்கலை, எல்லாம் சரி, எம்மேலதான் தப்பு. அந்த எட்டு பாயிண்ட் இருக்கு பாருங்க, அது போன்ல இல்ல. அச்சுல இருக்கு. ஊரே பாத்தாச்சு. பெட்ரோல் பங்க் பத்து, நான் எட்டு. அதை விட மாட்டேன். போய் உக்காந்து, காப்பியைக் குடிச்சுட்டு, வாயாலயே கேப்பேன்.